சமூகத் திட்டத்துக்கு அரசாங்க மானியம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்க் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுகிற வேலை சில வருடங்களுக்கு முன் என் தலையில் விழுந்தது. ஒரு தடவை பணம் கிடைத்தது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் "அண்ணா, ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து கை வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். நான் அதிகாரி இல்லை, எந்த நிதிக்கும் ஏஜென்ட்டும் இல்லை. தொகையும் விதியும் வருடத்துக்கு வருடம் மாறும், விண்ணப்பிக்கிற அன்று அந்தந்த நிதியின் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் மாநகராட்சி, பஞ்சாயத்து என்று இருக்கும். இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

புதிதாக வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி. இங்கே அப்படித் தனியாக ஓர் உள்ளாட்சி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1957-ல் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் மேயராக உட்கார்ந்தார், 1959-ல் தன்னாட்சி வந்ததும் அந்த மாநகர சபையின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இப்போது நாம் நகர மன்றம் என்று சொல்வது வேறு, அது 1980களின் பிற்பாதியில் வந்தது. மாதாமாதம் நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் மின்தூக்கி, தாழ்வாரம், குப்பை, விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நிகழ்ச்சி நடத்த இடம் கேட்பதற்கு அங்கே போங்கள், மானியம் கேட்டுப் போகாதீர்கள்.

சமூக மேம்பாட்டு மன்றங்கள் 1997-ல் தொடங்கின, 2001-லிருந்து ஐந்து: மத்திய சிங்கப்பூர், வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் உண்டு. ஊரை ஆளும் மேயர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், வட்டார அளவில் உதவித் திட்டங்களை ஒருங்கிணைப்பவர். மற்றபடி பெரும்பாலான பணம் அமைச்சுகளிடமிருந்தும் ஆணை பெற்ற கழகங்களிடமிருந்தும் (சட்டப்படி அமைந்த அரசாங்க வாரியங்கள்) வருகிறது. அவற்றில் பலவற்றுக்கு அவர்எஸ்ஜி கிராண்ட்ஸ் போர்ட்டல் என்ற ஒரே இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக உள்ளே போய் விண்ணப்பிக்கலாம்.

சரி, எந்தப் பணம் எந்த வேலைக்கு?

இங்கேதான் பாதிப் பேர் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். உங்கள் வேலையைத் தமிழில் ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். அந்த வரியின் வினைச்சொல் எதுவோ அதை வைத்துத்தான் கதவைத் தேடணும்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு சமூகத் தேவையைக் கவனிக்கிறீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது எஸ்ஜி பார்ட்னர்ஷிப்ஸ் ஃபண்டு. இது 2016-ல் 25 மில்லியன் வெள்ளியோடு (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம்) 'அவர் சிங்கப்பூர் ஃபண்டு' என்ற பெயரில் தொடங்கியது, கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் கீழ். அப்போது ஆதரிக்கத்தக்க செலவில் 80 விழுக்காடு வரை, ஒரு திட்டத்துக்கு 20,000 வெள்ளி உச்சவரம்பு. 2025-ல் பெயரும் அமைப்பும் மாறியது, இப்போது படிநிலைகள் உண்டு, பெரிய படிநிலையில் ஒரு மில்லியன் வெள்ளி வரை கேட்க முடியும். ஒரு மில்லியனைப் படித்துவிட்டுக் கண் விரிய வேண்டாம், அது நாலு பேர் சனிக்கிழமை கூடுகிற குழுவுக்கானது இல்லை. கீழ்ப்படியில் தொடங்குங்கள். எந்த அரசாங்கப் பிரிவை அணுகுவது என்றே தெரியவில்லை என்றால் 2024 ஜனவரியில் தொடங்கிய சிங்கப்பூர் அரசாங்கப் பங்காளித்துவ அலுவலகம் இருக்கிறது, அதன் வேலையே வழிகாட்டுவதுதான்.

உணவுக் கழிவு, மறுபயனீடு, மின்சாரச் சிக்கனம் என்று போனால் எஸ்ஜி ஈகோ ஃபண்டு. 2020 நவம்பரில் 50 மில்லியன் வெள்ளியோடு நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு ஆரம்பித்தது. அதில் ஸ்பிரவுட் என்று 10,000 வெள்ளி வரைக்கான ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது, முதல் தடவை கேட்பவர்களுக்கு அதுதான் தோது. கீழ்த்தளத்தையும் புளோக்குக்கு நடுவே இருக்கும் இடத்தையும் உயிரோட்டமாக்குவதென்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் லைவ்லி பிளேசஸ் திட்டம். செடி கொடி என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் 'கம்யூனிட்டி இன் புளூம்', 2005-லிருந்து நடக்கிறது.

15லிருந்து 35 வயதுக்குள் இருக்கும் இளையர்களுக்குத் தேசிய இளையர் மன்றத்தின் யங் சேஞ்ச்மேக்கர்ஸ் மானியம், சின்னத் தொகைதான், ஆனால் விண்ணப்பம் எழுதிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. பழைய கதைகளைப் பதிவுசெய்வது, கண்காட்சி வைப்பது என்றால் தேசிய மரபுடைமைக் கழகம். நாடகம், நடனம், நூல் வெளியீடு என்றால் தேசியக் கலைகள் மன்றம். தமிழுக்கென்றே பார்த்தால் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு வளர்தமிழ் இயக்கம். அதற்குப் பல மாதம் முன்பே முன்மொழிவு கொடுக்கணும், மார்ச் மாதம் ஓடிவந்து கேட்டால் ஒன்றும் நடக்காது. பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளின் தாய்மொழி என்றால் 2011-ல் தொடங்கிய லீ குவான் இயூ இருமொழிக் கற்றல் நிதியையும் பாருங்கள்.

கூரை போட்ட நடைபாதை வேண்டும், உடற்பயிற்சி மூலை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அது மேலே சொன்ன எதிலும் வராது. அது கட்டுமானம். தொகுதியில் இருக்கும் குடிமக்கள் ஆலோசனைக் குழு, நகர மன்றம் வழியாகப் போகிற வேறு பாதை.

நாங்கள் நாலு பேர் நண்பர்கள்தான், சங்கமெல்லாம் பதிவு செய்யவில்லை. கேட்கலாமா?

சில நிதிகளில் தனிநபரும், பதிவு செய்யாத குழுவும் கேட்கலாம். சிலவற்றில் யூஇஎன் எண் (அமைப்புகளுக்கான பதிவு எண்) உள்ள அமைப்புதான் கேட்க முடியும். சங்கமாகப் பதிவுசெய்யக் குறைந்தது 10 பேர் வேண்டும், விதிமுறை எழுதணும், வருடாந்திரப் பொதுக்கூட்டம் நடத்தணும், ஆண்டுக் கணக்குச் சமர்ப்பிக்கணும். ஒரு மானியத்துக்காக மட்டும் சங்கம் ஆரம்பிக்காதீர்கள் என்பது என் கருத்து. பணம் ஆறு மாதத்தில் செலவாகிவிடும், சங்கம் தலைவர் யார், செயலாளர் யார் என்ற சண்டையோடு பத்து வருடம் நிற்கும்.

இடைவழி ஒன்று இருக்கிறது. உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இந்தியர்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்தும் இந்தியர் நற்பணிச் செயற்குழுவிடம் பேசுங்கள். அவர்களுக்கு இடமும் இருக்கும், நடைமுறையும் தெரியும், தொண்டூழியர்களும் இருப்பார்கள். ஒன்று மட்டும், அவர்களோடு சேர்ந்தால் நிகழ்ச்சி அவர்களுடையதாகவும் ஆகும், பேனரில் யார் பெயர் மேலே என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்த சண்டைகளில் பாதி அதில்தான் ஆரம்பித்தது.

தனிநபராக வாங்கினால் திட்டத்துக்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமும், பிள்ளையின் டியூஷன் கட்டணமும், மானியமும் ஒரே கணக்கில் வந்து போனால் கடைசியில் அறிக்கை எழுதும்போது எது எது என்று உங்களுக்கே தெரியாது.

எனக்கு எம்பிளாய்மெண்ட் பாஸ்தான் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி). நான் கேட்க முடியுமா?

பெரும்பாலும் குடியுரிமை உள்ளவரோ நிரந்தரவாசியோதான் விண்ணப்பதாரராக இருக்கணும். நீங்கள் குழுவில் வேலை செய்யலாம், யோசனையும் உங்களுடையதாக இருக்கலாம், கையெழுத்தை வேறொருவர் போடட்டும்.

80 விழுக்காடு தருகிறார்களே, அப்புறம் என்ன கவலை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் நல்ல குழுக்கள் சறுக்குவது இங்கேதான். '80 விழுக்காடு' என்பது உங்கள் மொத்தச் செலவில் 80 இல்லை. அவர்கள் ஆதரிக்கத்தக்கது என்று ஏற்றுக்கொண்ட செலவில் 80, அதுவும் 'வரை'. அதைவிட முக்கியம், பணம் எப்போது கைக்கு வரும் என்பது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தாத்தா பாட்டிகள் எட்டுச் சனிக்கிழமை கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஒலிபெருக்கியும் மைக்கும் வாடகைக்கு ஒரு நாளைக்கு 120 வெள்ளி, எட்டு நாளுக்கு 960. கைவேலைப் பொருள்கள் 720. தேநீர், பலகாரம் 1,200. பொம்மலாட்டப் பொம்மைகள் 600. கதை சொல்லப் பழக்கும் பயிற்றுநருக்கு மதிப்பூதியம் 1,600. சொன்ன கதைகளைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்க 1,800. காப்புறுதி 320. ஆக 7,200 வெள்ளி.

விண்ணப்பம் போகிறது. சாப்பாட்டுச் செலவில் பாதியைத்தான் ஏற்போம் என்கிறார்கள், 600 போய்விட்டது. ஆதரிக்கத்தக்க செலவு 6,600. அதில் 80 விழுக்காடு 5,280. உங்கள் பங்கு 1,440 என்று நினைத்திருந்தீர்கள், இப்போது 1,920. இதில் பாதியை முன்பணமாகத் தருகிறார்கள், மீதியை அறிக்கையும் ரசீதும் பார்த்த பிறகு தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 2,640. எட்டுச் சனிக்கிழமையும் முடிந்து, புத்தகமும் அச்சாகி, அறிக்கையும் போய், அவர்கள் பார்த்து முடிக்கும் வரைக்கும் 4,560 வெள்ளியை யாரோ ஒருவர் கைக்காசாகப் போட்டிருக்கணும். முன்பணமே இல்லாத நிதி என்றால் முழு 7,200-ம்.

அந்த 'யாரோ ஒருவர்' யார் என்று விண்ணப்பத்துக்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் முதல் தடவை அது என் மனைவியின் சேமிப்பாக இருந்தது, அதுவும் அவளிடம் சொல்லாமல் எடுத்தது. பணம் திரும்பி வந்தது. இருந்தாலும் இன்றைக்கும் 'மானியம்' என்ற சொல்லைக் கேட்டால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள்.

உங்கள் பங்கை எப்படித் திரட்டுவது? உறுப்பினர் சந்தா, சிறிய நன்கொடை, லிட்டில் இந்தியா தெக்காவில் கடை வைத்திருப்பவர் ஒருவர் பலகாரத்தை இலவசமாகக் கொடுப்பது, பெற்றோரிடம் ஒரு குழந்தைக்கு 5 வெள்ளி வாங்குவது, எல்லாம் சரி. ஆனால் வாங்குகிற ஒவ்வொரு காசும் பட்ஜெட்டில் வருமானமாகத் தெரியணும். வேறோர் அரசாங்க நிதியிலும் கேட்டிருந்தால் அதையும் சொல்லணும், ஒரே செலவுக்கு ரெண்டு இடத்தில் வாங்கக் கூடாது. தொண்டூழியர்கள் உழைக்கும் மணிநேரத்தைக் காசாக்கி 'எங்கள் பங்கு' என்று காட்டலாமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது எடுபடாது.

எதற்குத் தரமாட்டார்கள்?

சமயப் பிரசாரம், அரசியல், லாப நோக்கம் மூன்றுக்கும் இல்லை என்பது எல்லா இடத்திலும் பொது. கோயில் திருவிழா வேறு, பொங்கலன்று எல்லா இனத்தவரும் சேர்ந்து கோலம் போடுவது வேறு. கோலத்தையே பூசையின் பகுதியாக எழுதினால் ஒரு பதில் வரும், பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவும் சீனப் பாட்டியும் மாவு பிடித்துக் கோடு இழுக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு காலைப்பொழுதாக எழுதினால் வேறு பதில் வரும். நடிக்கச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நடத்தினால்தான் அப்படி எழுதணும்.

சம்பளம், அலுவலக வாடகை, கேமரா மடிக்கணினி மாதிரி பிறகு வீட்டுக்குப் போகும் பொருள்கள், பரிசுப் பணம், வெளிநாட்டுப் பயணம், இவற்றையெல்லாம் பார்த்தாலே புருவம் உயரும். வாங்குவதை விட்டுவிட்டு வாடகைக்கு எடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் மாட்டுவது ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலைக்குக் கேட்பதில். ஒப்புதல் வருவதற்கு முன் செய்த செலவை யாரும் ஏற்பதில்லை. நாங்கள் போட்ட முதல் விண்ணப்பமே இப்படித்தான் போனது. 'எப்படியும் கிடைச்சிடும்' என்ற நம்பிக்கையில் துண்டுப்பிரசுரம் அச்சடித்து, மின்தூக்கி வாசலில் ஒட்டி, அதைப் படம் எடுத்து, நாங்கள் எவ்வளவு தயாராக இருக்கிறோம் பாருங்கள் என்று விண்ணப்பத்தோடு பெருமையாக இணைத்தும் அனுப்பினோம். படத்தில் தேதி பளிச்சென்று தெரிந்தது. நிராகரிப்புக் கடிதம் ரெண்டே பத்திதான்.

விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுபடும்?

நம்மவர்கள் எழுதும் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'நமது செம்மொழியாம் தமிழ்மொழியின் பெருமையை வருங்காலத் தலைமுறையினருக்கு எடுத்துச்செல்லும் உன்னத நோக்கில் மாபெரும் விழா ஒன்று நடத்தத் திட்டமிட்டுள்ளோம்.' மேடையில் கைதட்டல் வாங்கும். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. யாருக்கு, எங்கே, எத்தனை பேருக்கு, இப்போது என்ன குறை, முடிந்த பிறகு என்ன வேறாக இருக்கும்?

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'எங்கள் ஆறு புளோக்குகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் 22 வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டோம். 15 வீடுகளில் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், பாட்டிக்கு அது பாதிதான் புரிகிறது. வாரத்துக்கு ஒரு மணிநேரம் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கப் போகிறோம்.' இந்த எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை, உங்கள் எண்ணை நீங்கள் போய்க் கேட்டுத்தான் எழுதணும். ரெண்டு மாலை நேரம் போதும். கதவைத் தட்டப் போகும்போதே உங்கள் திட்டத்துக்கு வரப்போகிற ஆட்களும் கிடைத்துவிடுவார்கள், அது தனி லாபம்.

இன்னொன்று. 'என்ன மாறியது என்று எப்படி அளப்பீர்கள்' என்ற கட்டத்தை எல்லாரும் கடைசி நிமிடத்தில் '200 பேர் வருவார்கள்' என்று நிரப்புகிறார்கள். 200 பேர் வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனால் ஒன்றும் மாறியிருக்காது. எட்டு வாரத்தில் ஒரு பிள்ளை ஒரு கதையைத் தமிழில் தானே சொல்கிறதா என்பது அளக்கக்கூடியது. முதல் வாரம் ஒன்று, கடைசி வாரம் ஒன்று, ஒரு நிமிடப் பதிவு எடுத்தால் முடிந்தது. முடியாத எண்ணை மட்டும் எழுதாதீர்கள், அது ஒப்பந்தத்தில் அப்படியே ஏறும், பிறகு அந்த எண்தான் உங்களைத் துரத்தும்.

தமிழில் எழுதலாமா?

படிவம் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் அவ்வளவாக வராத மூத்தோர் இதனாலேயே பின்வாங்குகிறார்கள், அது வருத்தம்தான். யோசனையைத் தமிழில் வாயால் சொல்லுங்கள், பேரனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யட்டும். எளிய ஆங்கிலம் போதும். ஏஐ செயலியிடம் மொத்தமாக எழுதச் சொல்லி வாங்கி ஒட்டுகிறார்கள் இப்போது. பத்து விண்ணப்பமும் ஒரே குரலில் பேசுகிறது, எந்தப் பேட்டை, எந்தப் பாட்டி என்று ஒன்றிலும் இல்லை. எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

விலைப்புள்ளி எத்தனை வாங்கணும்? என் மச்சான் கேட்டரிங் வைத்திருக்கிறார், அவரிடமே கொடுக்கலாமா?

பெரிய செலவு எதற்கும் மூன்று கொட்டேஷன் வாங்கிவைப்பது நல்லது, நிதி கேட்காவிட்டாலும். மச்சான் விஷயத்தில், அவர் மூன்றில் ஒருவராக இருக்கட்டும், அவர் உங்கள் உறவு என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள், முடிவை நீங்கள் எடுக்காமல் குழுவில் வேறு இருவர் எடுக்கட்டும். விலை அவருடையதுதான் குறைவு, தரமும் நல்லது என்றால் கொடுப்பதில் தப்பில்லை. மறைத்தால்தான் தப்பு. விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். 2024-லிருந்து 9 விழுக்காடு, 1,800 வெள்ளி அச்சுக்கூலியில் அது 162 வெள்ளி. பட்ஜெட்டில் விட்டுப்போனால் அதுவும் உங்கள் பையிலிருந்துதான்.

மானியம் கிடைத்துவிட்டால் நடத்த வேண்டியதுதானே, வேறு அனுமதி எதற்கு?

மானியம் என்பது பணம், அனுமதி வேறு. கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்திடம் முன்பதிவு. அதே நாளில் அங்கே துக்க வீடு வந்துவிட்டால் உங்களை நகர்த்தச் சொல்வார்கள், அதில் சண்டை போடக் கூடாது, சமூக மன்றத்தில் ஒரு மாற்று அறையைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் முன் நாடகம், நடனம், கச்சேரி என்றால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டுமா என்று பாருங்கள். சினிமாப் பாட்டு ஒலிக்கவிடப் போகிறீர்கள் என்றால் இசைப் பதிப்புரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பிடம் உரிமம். 'நம்ம பாட்டுத்தானே' என்று நினைப்போம், பாட்டு இசையமைப்பாளருடையது.

வருகைப் பதிவேட்டில் முழு அடையாள அட்டை எண்ணைக் கேட்டு ஒரு பத்தி போடும் பழக்கம் இன்னும் நம் சங்கங்களில் போகவில்லை. 2019 செப்டம்பரிலிருந்து சட்டம் கட்டாயப்படுத்தினாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர அதைச் சேகரிக்கக் கூடாது. பெயரும் கைப்பேசி எண்ணும் போதும். பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோரின் ஒப்புதலை அதே தாளில் வாங்கிவிடுங்கள், அறிக்கைக்குப் படம் தேவைப்படும்போது 40 பேருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்ப வேண்டியிருக்காது.

எத்தனை நாள் முன்னால் கேட்கணும்?

நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், நடுவில் அவர்கள் கேள்வி கேட்டு அனுப்புவார்கள், நீங்கள் பதில் சொல்ல ஒரு வாரம் எடுப்பீர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடணும், அதற்குப் பிறகுதான் செலவு. நான் நாலு மாதம் வைத்துக்கொள்வேன். தீபாவளிக்கு என்றால் ஜூன் மாதம். சிலர் செப்டம்பரில் வந்து 'அண்ணா, அவசரம்' என்பார்கள். அவசரமாகக் கொடுக்கிற நிதி ஒன்றும் எனக்குத் தெரியாது.

டோட்டு போர்டு பணத்தை எங்கள் குழுவில் சிலர் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்ய?

டோட்டு போர்டு, மானியம் தருகிற ஓர் அரசாங்க வாரியம். சிங்கப்பூர் பூல்ஸ் லாட்டரி, பந்தயத்திலிருந்து வருகிற உபரி அந்தப் பணத்தின் ஊற்று என்பதால் சிலருக்கு மனம் ஒப்பாது. அது அவரவர் மனசாட்சி, வாக்கெடுப்பு நடத்தி ஜெயிக்கிற விஷயம் இல்லை. வேறு நிதிகள் இருக்கின்றன, அங்கே போங்கள்.

ரசீது எல்லாவற்றுக்கும் வேண்டுமா?

வேண்டும். இதைப் படித்துவிட்டு ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்: ரசீது கைக்கு வந்த அந்த நிமிடமே கைப்பேசியில் படம் எடுங்கள். கடைகளில் தரும் ரசீது பெரும்பாலும் வெப்பத்தாள். எங்கள் பொருளாளர் ரொம்பப் பொறுப்பானவர், எட்டு வாரத்து ரசீதையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், அந்த உறையைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். இந்த ஊர் வெயிலைத்தான் தெரியுமே. அறிக்கை எழுதும் அன்று உறையைப் பிரித்தால் பதினோரு வெள்ளைத் தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 'மொத்தம்' என்ற சொல் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, எண் இல்லை. மூன்று கடைகளில் நகல் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் எங்கள் கைக்காசு, 214 வெள்ளி.

ஈரச்சந்தையில் பூ, வாழையிலை, தேங்காய் வாங்குவதற்கு ரசீதே தரமாட்டார்கள். ஒரு சின்ன ரசீதுப் புத்தகத்தை நீங்களே கொண்டுபோங்கள், கடைக்காரர் பொருள், தொகை, தேதி எழுதி முத்திரையோ கையெழுத்தோ போடட்டும். கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் கொடுத்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துவையுங்கள். பயிற்றுநருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்துக்கு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், 'தெரிந்தவர்தானே' என்று விடாதீர்கள். கணக்கை வாரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். கடைசியில் உட்கார்ந்து எழுதலாம் என்று நினைத்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை அப்படி நினைத்ததில்லை.

எழுதிக்கொடுத்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. பணத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா?

முதல் ரெண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும், அப்போதே உங்கள் நிதி அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நேரத்தை மாற்றுகிறோம், இடத்தை மாற்றுகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துவிட்டுப் பிள்ளைகள் வரவில்லையே என்று நாங்களும் தலையைச் சொறிந்தோம். அந்த நேரம் எல்லாப் பிள்ளைக்கும் நீச்சல், டியூஷன், பாலே. மாலை ஐந்துக்கு மாற்றியதும் வந்தார்கள், கூடவே கேட்காமலே தங்கச்சி தம்பிகளும். சொல்லாமல் மறைத்து, அறிக்கையில் வராதவர் பெயரைச் சேர்க்கிற வேலை மட்டும் வேண்டாம். அது கூட்டக் குறைவு இல்லை, பொய்க்கணக்கு.

நிராகரித்துவிட்டார்கள். மறுபடி போடலாமா?

போடலாம். ஏன் என்று கேட்டு எழுதுங்கள், சிலர் பதில் சொல்வார்கள். அதே தாளை அப்படியே திருப்பி அனுப்பாதீர்கள்.

பணம் மிச்சமானால்?

அது உங்கள் பணம் இல்லை, திருப்பிக் கொடுக்கணும். மிச்சத்தில் தொண்டூழியர்களுக்கு ஒரு விருந்து போடலாமே என்று நல்ல மனசோடுதான் கேட்பார்கள். விருந்தைக் கைக்காசில் போடுங்கள். எங்களுக்கு ஒரு தடவை 41 வெள்ளி 60 காசு மிஞ்சியது. திருப்பி அனுப்புவதற்கு எந்தக் கணக்கு, எந்தக் குறிப்பு எண் என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டு, அந்தத் திரையையும் படம் எடுத்துக் கோப்பில் போட்டேன்.